அடுக்குமாடி வீட்டில் எலுமிச்சை ஊறுகாய், மோர் மிளகாய், தாளிப்பு வடகம்: கோலாலம்பூர் ஈரக் காற்றுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

செந்தூலில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறேன். வாசல் முற்றம் கிடையாது, மொட்டை மாடிக்குப் பூட்டு. இருப்பது ஒரு பால்கனி. அதில்தான் ஏழு வருடமாக ஊறுகாயும் மோர் மிளகாயும் வடகமும் போடுகிறேன். அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரப் பெண்களும் கூட வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு முதல் முறை பூஞ்சணம் பூத்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

யாருக்கும் மசாலாவில் தவறு இல்லை. பாட்டி சொன்னபடி கடுகும் வெந்தயமும் சரியாகவே போட்டிருந்தார்கள். தவறியது காயவைத்ததில். "மூணு நாள் வெயில்ல வை" என்ற கணக்கு, காலை ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்து மாலை வரை விடாத வெயிலுக்கானது. இங்கே ஒன்பது மணிக்கு வெயில் ஏறுகிறது, மூன்று மணிக்கு மழை இறங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் நாள் கணக்கை நம்பவில்லை. எடையையும், பொருள் காட்டும் அடையாளத்தையும் வைத்தே ஒவ்வொரு படியும் சொல்கிறேன்.

1. எதில் தொடங்குவது, எந்த மாதத்தில்

முதலில் உப்பு எலுமிச்சை. அடுத்து மோர் மிளகாய். கடைசியில்தான் தாளிப்பு வடகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எலுமிச்சைக்குப் புளிப்பும் உப்பும் இரண்டு காவல். கொஞ்சம் தவறினாலும் தாங்கும். மோர் மிளகாய்க்கு உப்பும் மோரின் புளிப்பும் பாதி வேலையைச் செய்யும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வடகத்தில் புளிப்பே இல்லை. வெங்காயச் சாறும் பூண்டும் நிறைய. முழுக்க முழுக்கக் காய்வதை நம்பி நிற்கும் பொருள் அது. வீட்டு மீன் குழம்பின் வாசனைக்கு ஏங்கிப் பலரும் வடகத்திலேயே தொடங்குகிறார்கள். ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை உட்கார்ந்து உரித்து, நான்காவது நாள் குப்பையில் கொட்டியவர்கள் பிறகு தொடுவதே இல்லை. அது எனக்கு மிகவும் வருத்தம்.

கோலாலம்பூரில் ஏப்ரலும், அக்டோபர், நவம்பரும் வேண்டாம். பிற்பகல் இடிமழை அதிகமான மாதங்கள் அவை. ஜூன், ஜூலை ஓரளவு நம்பலாம். ஆனால் அந்தக் காலத்தில் புகைமூட்டம் வந்தால் வெளியே காயவைக்காதீர்கள். காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் ஈரமான பண்டத்தைத் திறந்து வைத்தால் அந்தத் தூசி அதன்மேல்தான் படியும். பினாங்கில் கணக்கு வேறு. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில், நல்ல காய்ந்த வெயில் கிடைக்கும். அங்கே செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள்.

2. பெரியவர்களின் கையை அளந்து எழுதுங்கள்

வீட்டில் இதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், சாமான் வாங்குவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

"உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் "கண்ணால பாத்துப் போடும்மா" என்றுதான் பதில் வரும். அவர்களுக்குச் சொல்ல விருப்பமில்லை என்று நினைக்கக் கூடாது. அளவு அவர்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் நிறுத்தி ஒவ்வொரு பிடியையும் தராசில் வைத்தால் கையின் பழக்கம் குலைந்துவிடும். அதற்குப் பதில் உப்பு டப்பாவை முதலில் எடை போடுங்கள். அவர்கள் பாட்டுக்குச் செய்யட்டும். முடிந்ததும் டப்பாவை மறுபடி எடை போட்டால், குறைந்திருப்பதுதான் அளவு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே வழி.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தை 1.4 கிலோ மிளகாய்க்கு மூன்று கை கல் உப்பு போட்டார். டப்பாவில் 138 கிராம் குறைந்தது. வீட்டுக்கு வந்து என் கையால் மூன்று பிடி அள்ளிப் பார்த்தேன், 96 கிராம். என் நோட்டில் "மூன்று கை" என்றுதான் இரண்டு வருடமாக எழுதி வைத்திருந்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பு குறைவாகவே போட்டு வந்திருக்கிறேன். மிளகாய் ஏன் ஒவ்வொரு முறையும் கொழகொழத்துப் போனது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்து, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "எப்படிச் செய்யணும்?" என்று கேட்டால் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். "அத்தை, எப்ப போதும்னு நிறுத்துவீங்க?", "கெட்டுப்போனா முதல்ல என்ன தெரியும்?", "நடுவுல மழை பிடிச்சுக்கிட்டா என்ன செய்வீங்க?" இப்படிக் கேட்டால்தான் விஷயம் வரும். முதல் கேள்விக்கு அத்தை சொன்னது: "குலுக்கினா உள்ள விதை கலகலன்னு ஆடணும்மா. அதுவரைக்கும் காயணும்." எத்தனை நாள் என்ற கணக்கே அந்தப் பதிலில் இல்லை. இங்கே நமக்கு வேண்டிய அளவும் அதுதான்.

கைப்பேசியில் படம் எடுப்பதானால் முகத்தை விட்டுவிட்டுக் கையையும் பாத்திரத்தையும் எடுங்கள். சத்தமும் பதிவாகட்டும். காய்ந்த மிளகாய் தட்டில் விழும் ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சொல்லித்தர யாரும் இல்லையென்றால் கீழே உள்ள கிராம் கணக்கில் தொடங்குங்கள். பிறகு வீட்டுச் சுவை நினைவிருக்கும் ஒருவரிடம் கொடுத்து, அவர் சொல்வதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் தராசு. இது இல்லாமல் தொடங்க வேண்டாம். பொடியுப்பு ஒரு கரண்டியும் கல் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை.

பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடிப் புட்டி. அலுமினியம், பித்தளை கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்தால் உலோகத்தை அரித்து ஊறுகாயில் கலக்கும்.

மூங்கில் தட்டு இரண்டு. பாசாரில் (சந்தையில்) 'ஞீரு' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அடியிலும் காற்று போகும் என்பதால் எவர்சில்வர் தட்டைவிட இதில் சீக்கிரம் காயும். மேலே விரிக்க வெள்ளைப் பருத்தித் துணி. செய்தித்தாள் விரிக்கவே கூடாது, மையும் ஒட்டும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடுவதற்கு வலை போட்ட துடுங் சாஜி (உணவை மூடும் கூடை) ஒன்று. காக்கையும் மைனாவும் இந்த ஊரில் பன்னிரண்டாவது மாடிக்கும் வரும். எறும்புக்கு, தட்டை நான்கு கிண்ணத்தின்மேல் வைத்து, அந்தக் கிண்ணங்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள்.

காற்றுப் புகாத டப்பாக்கள் வேண்டும். இரவு நேரத்துக்கு இவைதான் கை கொடுக்கும்.

மளிகைச் சாமான் எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளிலும், பினாங்கில் லெபோ பசார் கடைகளிலும் கிடைக்கும். வடகத்துக்கு விளக்கெண்ணெய் வாங்கும்போது மட்டும் சமையலுக்கானதா என்று கேட்டு, புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். தலைக்குத் தடவும் எண்ணெயைக் கொண்டுவந்து விடாதீர்கள். கிடைக்காவிட்டால் நல்லெண்ணெய் போதும்.

4. காயவைக்கும் இடத்தைச் சோதியுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான படி.

ஒரு தட்டில் இரண்டு கரண்டி கல் உப்பைப் பரப்பி, காயவைக்கப் போகும் இடத்தில் மாலை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். உப்பு கசிந்து நனைந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கோலாலம்பூரில் இரவில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேலும் போகிறது. அப்படியானால், உப்பில் ஊறிய மிளகாயை இரவு பால்கனியிலேயே விட்டால் என்ன ஆகும்? பகலெல்லாம் விட்ட ஈரத்தை விடிவதற்குள் திருப்பிக் குடித்துவிடும். மூன்று நாள் காயவைத்தும் முதல் நாள் போலவே இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் விதி: காலை ஒன்பது மணிக்கு வெளியே, பிற்பகல் இரண்டரைக்குள் உள்ளே. உள்ளே வந்ததும் அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துவிடும்.

அப்புறம், பால்கனியில் வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று இரண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கு பார்த்த வீடு என்றால் வெயில் வரும் நேரமும் மழை வரும் நேரமும் ஒன்று. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள், எட்டாம் படியில் நான் சொல்லும் மின் அடுப்பு (ஓவன்) முறையையே முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. மூடிய சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சூடு வரும், ஈரம் வெளியேறாது. அங்கே வைப்பதானால் மின்விசிறி ஓடட்டும்.

கைப்பிடிச் சுவரின்மேலோ கம்பிக்கு வெளியிலோ தட்டை வைக்காதீர்கள். கீழே விழுந்தால் ஆபத்து, நிர்வாகத்தினரும் சும்மா விடமாட்டார்கள். தரையில், கம்பிக்கு உள்பக்கம், ஒரு முக்காலியின்மேல் வைத்தால் போதும்.

5. உப்பு எலுமிச்சை

ஒரு கிலோ லிமாவ் நிப்பிஸ் (சிறிய எலுமிச்சை), 200 கிராம் கல் உப்பு, இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள். சாற்றுக்காக இன்னும் கால் கிலோ பழம் தனியே.

பாசாரில் பச்சையாகத்தான் கிடைக்கும். வாங்கிய அன்றே வெட்டாமல் மூன்று நான்கு நாள் மேசையில் விட்டால் மஞ்சள் ஏறும், தோலின் கசப்பும் குறையும். கழுவித் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் பரப்பி வையுங்கள். காம்புக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் அதுவே பூஞ்சணத்துக்கு விதை.

எட்டுத் துண்டாக வெட்டி உப்பும் மஞ்சளும் பிசிறி ஜாடியில் போடுங்கள். தனியே வைத்த பழத்தைப் பிழிந்து ஊற்றி, துண்டுகள் சாற்றுக்குள் மூழ்கும்படி செய்யுங்கள். மூழ்காத துண்டில்தான் பூஞ்சணம் தொடங்கும். தினமும் காலையில் ஜாடியைக் குலுக்கிவிடுங்கள். இந்த ஊர்ச் சூட்டில் பதினைந்து முதல் இருபது நாளில் பதமாகிவிடும். நகத்தால் அழுத்தினால் தோல் எதிர்ப்பில்லாமல் அமுங்க வேண்டும், நிறம் பச்சை போய்த் தேன் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். அதுதான் அடையாளம்.

அதற்குப் பிறகே காரம். 150 மில்லி நல்லெண்ணெயைக் காய்ச்சி, பெருங்காயம் போட்டு, இறக்கி ஆறவைத்து, 60 கிராம் மிளகாய்த்தூளும் ஒரு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த வெந்தயமும் கலந்து ஊற்றுங்கள். தோல் மெத்தென்று ஆகும் முன்பே காரமும் எண்ணெயும் சேர்த்துவிட்டால், எண்ணெய் பூசிய தோலில் உப்பு இறங்காது. ஆறு மாதம் ஆனாலும் கடுக்கென்றே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ரத்த அழுத்தத்துக்காக உப்பைப் பாதியாகக் குறைக்கிறவர்கள் தாராளமாகக் குறைக்கலாம், ஆனால் அது அலமாரியில் வைக்கும் ஊறுகாய் ஆகாது. குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் சாப்பிட்டு முடியுங்கள். இரண்டாவது, வெறும் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 2 முதல் 3 வரை இருக்கும். 4.6க்குக் கீழே போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. அதனால் புளிப்புக்குள் மூழ்கிய பூண்டால் பயமில்லை. புளிப்பே இல்லாத எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடக்கும் பச்சைப் பூண்டு நிஜமாகவே ஆபத்தானது. வாசனையில் தெரியாது.

லிமாவ் கஸ்தூரியிலும் (கலமன்சி என்ற சின்னஞ்சிறு பழம்) இதே கணக்கில் போடலாம். தோல் மெல்லியது, பத்து நாளில் பதமாகும். கசக்கும் என்பதால் விதையை எடுத்துவிடுங்கள்.

6. மோர் மிளகாய்

மலாய்க் கடைகளில் 'சில்லி தைரு' என்று கேட்டு வாங்குவார்களே, அதேதான். ஒரு கிலோ பச்சை மிளகாய், 100 கிராம் கல் உப்பு, அரை லிட்டர் நன்றாகப் புளித்த தயிர், கால் லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி வெந்தயப் பொடி.

மிளகாய் குட்டையாக, சதைப்பற்றோடு, காம்போடு இருக்கட்டும். சில்லி பாடி (சிறிய ஊசி மிளகாய்) வேண்டாம், அதில் சதையே இல்லை. தயிர், சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கி ஒருநாள் வெளியே வைத்துப் புளிக்கவிடுங்கள். பேரங்காடியின் இனிப்புத் தயிரில் ஒருவர் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். மிளகாய் பிசுபிசுத்து, பொரித்ததும் கருகியது. உள்ளே சர்க்கரை இருந்தால் அப்படித்தான்.

முதல் நாள் மாலை மிளகாயைக் கழுவித் துடைத்துவிட்டு, பிறகு கீறுங்கள். கீறிய பிறகு கழுவினால் உள்ளே தண்ணீர் புகுந்து உப்பை நீர்க்கச் செய்யும். நடுவில் ஒரு விரற்கடை நீளம் கீறினால் போதும், நுனிவரை பிளக்க வேண்டாம், விதை கொட்டிவிடும். கீறுவது எதற்கென்றால், மிளகாயின் தோல் மெழுகு பூசியது போன்றது. வழி விடாவிட்டால் மோர் உள்ளே போகாது, பின்னால் ஈரம் வெளியேயும் வராது.

தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பும் வெந்தயமும் கலந்து, மிளகாயைப் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள். இரண்டு இரவு ஊறட்டும். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலை மிளகாயை வடித்து எடுத்துத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். மோரைக் கொட்டிவிடாதீர்கள், குளிர்பெட்டியில் வையுங்கள். பிற்பகல் மிளகாய் உள்ளே வந்ததும் மறுபடி அந்த மோரில் போடுங்கள். பகலில் சுருங்கிய மிளகாய் இரவில் மோரை உறிஞ்சும். இப்படி மூன்று நான்கு நாள். கடைசியில் பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டி மோர்கூட இருக்காது. ஒரே இரவு ஊறவைத்துவிட்டுக் காயவைப்பவர்களுக்குக் காரம் மட்டும்தான் மிஞ்சும், புளிப்பு ஏறியிருக்காது.

மோர் தீர்ந்த பிறகு வெறும் காய்ச்சல். பகலில் தட்டு, இரவில் டப்பா. நிறம் பச்சையிலிருந்து வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வரும். இரண்டாம் நாளில் எல்லோரும் "போதும்போல இருக்கே" என்பார்கள். தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் காம்படியில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், அங்கே இன்னும் மெத்தென்று இருக்கும். கடைசியாகக் காய்வது அந்த இடம்தான். ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். விதை சத்தம் போட வேண்டும். ஒடித்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். எடையும் பச்சை எடையைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

7. தாளிப்பு வடகம்

உரித்த சின்ன வெங்காயம் ஒரு கிலோ, உரித்த பூண்டு கால் கிலோ, உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம், கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, கல் உப்பு 75, மஞ்சள்தூள் 10 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, விளக்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 50 மில்லி.

சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம் போடாதீர்கள். அதில் தண்ணீர் அதிகம், நம் வெயிலுக்குக் காயாது. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மின்னரைப்பானில் போடுவதானால் ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, மீண்டும் ஒரு நொடி. விழுதாகிவிட்டால் சாறு முழுக்க வெளியேறிக் கூழாக நிற்கும், அதைக் காயவைக்க வழியே இல்லை. உளுந்தைக் கழுவி ஒரு மணி நேரம் மட்டும் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துச் சேருங்கள். எண்ணெய் நீங்கலாக எல்லாம் கலந்து, மூடி, ஓர் இரவு வையுங்கள். உப்பு வெங்காயச் சாற்றை வெளியே இழுக்கும்.

பழைய முறையில் மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, அடுத்த காலை உடைத்துப் பரப்பி, மாலை மறுபடி உருட்டுவார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பரப்பும்போது மேல் ஈரம் போகும். உருட்டி வைக்கும் இரவில் உள் ஈரம் வெளியே பரவி வரும். மறுநாள் வெயில் அதை எடுத்துவிடும். ஆனால் இங்கே முதல் நாளே உருட்டினால் உள்ளிருக்கும் சாறு இந்தப் புழுக்கத்தில் இரவோடு இரவாகக் கெடத் தொடங்கும். நான் மாற்றிக்கொண்டது இப்படி:

முதல் மூன்று நாள் உருட்டுவதே இல்லை. சாற்றை ஒட்டப் பிழிந்து தனியே வைத்துவிட்டு, கலவையை அரை அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் உதிரியாகப் பரப்புகிறேன். இரண்டு மணிக்கு ஒருமுறை கிளறிவிடுகிறேன். பிழிந்த சாற்றில் உப்பும் வாசனையும் இருக்கிறது, ஆகவே அதை அன்றைக்கு மாலையும் மறுநாள் மாலையும் பாதி பாதியாகக் கலவையில் திருப்பிச் சேர்க்கிறேன். இந்த மூன்று இரவும் டப்பா குளிர்பெட்டிக்குள்.

நான்காம் நாள் கையில் பிடித்தால் ஒட்டும், சாறு கசியாது. அப்போது உருட்டலாம். எலுமிச்சை அளவு வேண்டாம், நெல்லிக்காய் அளவு போதும். ஒன்றைப் பிளந்து பார்த்தால் நடு வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் வெளிர்நிறத் திட்டு தெரிந்தால் எல்லாவற்றையும் உடைத்து மறுபடி பரப்புங்கள். சோம்பல் பார்க்க வேண்டாம், கெடுவது அந்தத் திட்டில்தான். எட்டு முதல் பத்து வெயிலில் நான் வைக்கும் கலவை 600 கிராம் அளவில் நிற்கும். எண்ணெயைக் கடைசியில், நன்றாகக் காய்ந்த பிறகு, கையில் தடவி உருண்டைமேல் பூசுங்கள். முதலிலேயே எண்ணெய் சேர்த்தால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுவிடும்.

உருண்டை பிடிக்காமல் உதிரி வடகமாகவே வைத்துக்கொள்வதிலும் குறை ஒன்றும் இல்லை. தாளிக்கும்போது எப்படியும் உதிர்த்துத்தான் போடுகிறோம். ஈரப்பயம் இருக்கும் புதியவர்களுக்கு முதல் முறை உதிரியாகவே போடச் சொல்கிறேன்.

8. மழை விடாமல் பிடித்துக்கொண்டால்

ஒருநாள் மழைக்கு ஒன்றும் ஆகாது. மோர் மிளகாய் மோரிலும், வடகக் கலவை டப்பாவிலும், இரண்டும் குளிர்பெட்டியிலும் காத்திருக்கட்டும். இரண்டாம் நாளும் வெயில் இல்லையென்றால் அடுப்புக்குப் போங்கள்.

மின் அடுப்பில் விசிறியோடு 60 டிகிரி. கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஒரு விரல் இடைவெளி விடுங்கள், ஆவி வெளியேற வேண்டும். பல சிறிய அடுப்புகளில் குறைந்தபட்சமே 100 டிகிரி. அதில் வைக்காதீர்கள். மேல் தோல் சட்டென்று இறுகி, உள் ஈரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வெங்காயமும் பூண்டும் சிவந்து கசக்கும். காற்று வறுப்பானில் உலர்த்தும் வசதியும் 60 டிகிரியும் இருந்தால் அதுவும் சரி. மோர் மிளகாய்க்கு ஆறேழு மணி நேரத்தில் நல்ல மாற்றம் தெரியும். முழுக்க அடுப்பிலேயே முடித்த வடகத்தில் வெயில் வடகத்தின் மணம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் முதல் இரண்டு நாள் அடுப்பு, பிறகு வெயில் என்று வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குளிர்சாதனம் ஓடும் அறையும் உதவும். அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. கூடவே மின்விசிறியை வைத்தால் இரவில் காய்வதும் நிற்காது. பூண்டு வாசம் அறையில் இரண்டு நாள் இருக்கும்.

9. மூடி வைப்பதற்கு முன் ஒரு வாரச் சோதனை

காய்ந்துவிட்டது என்று தோன்றியதும் பெரிய டப்பாவில் கொட்டி வைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, திரும்ப ஒரு வெயில். ஒரு வாரமும் கலகலவென்று உதிர்ந்தால் சிறு சிறு புட்டிகளாகப் பிரித்து வையுங்கள். பெரிய டப்பாவை நூறு முறை திறந்தால் நூறு முறை கோலாலம்பூர்க் காற்று உள்ளே போகும். பாதியை உறைபெட்டியில் வைப்பது நல்லது. வெளியே எடுத்தால் மூடியைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த வடகத்தின்மேல் நீர் கோத்துவிடும்.

பஞ்சு போலவோ பச்சை, கறுப்பு நிறத்திலோ பூஞ்சணம் கண்டால் அந்தப் புட்டி முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது அதன் ஒரு பகுதி மட்டும்தான்.

10. புட்டியின்மேல் எழுத வேண்டியது

தேதி, பச்சை எடை, காய்ந்த எடை, உப்பு எத்தனை கிராம், எத்தனை வெயில், எத்தனை மணி நேரம் அடுப்பு. ஒரு சீட்டில் ஆறு வரி. இதையே ஒரு நோட்டிலும் எழுதுங்கள், சீட்டு எண்ணெய் பட்டு அழிந்துவிடும்.

முதல் புட்டியைச் சொல்லிக்கொடுத்தவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் குழம்பு தாளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லும் வார்த்தையை, அடுத்த முறை போடுவதற்குள் அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். என் நோட்டில் போன முறை வடகத்துக்குக் கீழே இருப்பது அத்தை தொலைபேசியில் சொன்னது: "உப்பு சரியா நிக்குது. வெந்தயம் ஒரு பிடி தூக்கலா இருக்கு." அதற்கு அடுத்த வரியில் நான் எழுதியிருப்பது: வெந்தயம் 20 கிராம்.